வலமிருந்து இழுத்த பெட்டி

“நான் சொல்லுதது தப்பா வந்துரும் டீச்சர். அதாம் பயமா இருக்கு.”

முத்துப்பேச்சி வாசலிலேயே நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

ஹலீமா டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் யாருடைய வீட்டுக்கோ ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தார்.

“தப்பாவே சொல்லுங்க. திருத்திக்கிடலாம்.”

“திருத்த முடியாத தப்பா இருந்தா?”

“அப்பம் உள்ள வந்து சொல்லுங்க.”

தென்காசியில் வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் கடை அது. டீச்சருடைய சொந்தக் கடை. முத்துப்பேச்சியைப் போல வேலைக்கு வருகிறவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுப்பதும் அவர்தான். முத்துப்பேச்சியைவிட வயதில் கொஞ்சம் இளையவர். ஆனாலும் முத்துப்பேச்சிக்கு அவர் டீச்சர். அவருக்கு இவள் அக்கா.

எட்டாம் வகுப்போடு நின்றுபோன அக்கா.

டீச்சர் பேச்சில் கஞ்சம். கேள்வி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பதில் ஒரு வரிதான். பல நேரம் அதுவும் கிடையாது. மவுஸை நகர்த்திக் காட்டுவார், அவ்வளவுதான்.

முத்துப்பேச்சி வந்து உட்கார்ந்தாள். முந்தானை நுனியைச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடியும் சுருட்டினாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

“இந்தக் கம்ப்யூட்டர் சரியில்ல டீச்சர். ஒரு கோட்டப் பிடிச்சா பக்கத்துக் கோடும் சேந்து வருது.”

“எங்க, செஞ்சு காட்டுங்க.”

டீச்சர் திரையில் சில கோடுகளைப் போட்டார். குட்டிக் கோடுகள், நடுவே. ஓரத்தில் ஒரு நீளக் கோடு.

முத்துப்பேச்சி மவுஸைப் பிடித்தாள். வலது மூலையில் தொடங்கி இடப்பக்கமாக இழுத்தாள். பச்சை நிறத்தில் ஒரு பெட்டி விரிந்தது. உள்ளே இருந்த கோடுகள் ஒளிர்ந்தன. ஓரத்தில் இருந்த நீளக் கோடும் ஒளிர்ந்தது.

“பாத்தீங்களா? நான் இத மட்டுந்தாம் கேட்டேன். அது என்னத்துக்கு வருது?”

“பெட்டி அதத் தொட்டுச்சுல்லா?”

“ஓரமாத்தான தொட்டுச்சு?”

“தொட்டாப் போதும்.”

டீச்சர் மவுஸை வாங்கினார். அதே இடம், அதே அளவு. ஆனால் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கமாக இழுத்தார். இந்தப் பெட்டி நீல நிறத்தில் விரிந்தது. முழுசாக உள்ளே இருந்த குட்டிக் கோடுகள் மட்டும் ஒளிர்ந்தன. நீளக் கோடு தன்பாட்டுக்குக் கிடந்தது.

“ரெண்டும் ஒரே பெட்டிதான டீச்சர்?”

டீச்சர் வெறுங்கையைக் காற்றில் ஓட்டிக் காட்டினார். இடமிருந்து வலம். பிறகு வலமிருந்து இடம்.

முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க மொத நாளே சொல்லிக்குடுத்தீங்க. என் கைதாம் கேக்க மாட்டேங்கு. வீடு வாசல் கூட்டிக் கூட்டிப் பழகின கை. வலப்பக்கமா இருந்து இழுத்தாத்தாம் அதுக்குச் சமாதானம்.”

“கூட்டும்போது குப்பையோட எதும் போயிருக்கா?”

“ஒருக்கா கம்மல் போச்சு.”

“இப்பம் என்ன போச்சு?”

முத்துப்பேச்சி அண்ணாந்து பார்த்தாள். மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது.

“தீத்தாரப்பன் அண்ணாச்சி வீட்டுச் சரிவு.”

சொல்லிவிட்டாள்.

தீத்தாரப்பன் பஸ் டிரைவர். புதிதாக வீடு கட்டினார். அவருடைய அக்கா செல்லக்கனிக்குச் சின்ன வயதிலேயே கால்கள் விளங்காமல் போய்விட்டன. சக்கர நாற்காலியில்தான் இருப்பாள். அவளுக்காகத்தான் வாசலில் படியை ஒட்டி ஒரு சரிவு கேட்டிருந்தார். வரைந்த படத்தில் சரிவு இருந்தது. அதைக் கண்ணால் பார்த்து, தலையாட்டிவிட்டும் போனார்.

பிறகு ஒருநாள் போன் பண்ணினார். படி குறுகலாக இருக்கிறது, அகலமாக்குங்கள் என்றார்.

முத்துப்பேச்சி பழைய படியை அழித்தாள். வலமிருந்து இழுத்து, பெட்டிக்குள் பிடித்து, ஒரே தட்டில் அழித்தாள். பெட்டியின் ஓரம் சரிவைத் தொட்டிருக்கிறது. படியோடு சரிவும் போய்விட்டது. அவள் கவனிக்கவில்லை. புதுப் படி போட்டாள். சேமித்தாள். மூடிவிட்டாள். அந்தப் படம்தான் கொத்தனார் ஐயாத்துரை கைக்குப் போனது.

“எப்பம் தெரிஞ்சுது?” என்று டீச்சர் கேட்டார்.

“பால்காய்ப்பு அன்னைக்கு.”

புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு முத்துப்பேச்சியும் போயிருந்தாள். வாசலில் படி மட்டும் இருந்தது, நல்ல அகலமாக. இரண்டு ஆம்பளைகள் செல்லக்கனியை நாற்காலியோடு தூக்கினார்கள். அவள் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஏல, மெதுவாத் தூக்குங்க. நான் என்ன சப்பரத்துச் சாமியா?” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உள்ளே இறக்கிவிட்ட பிறகு மடியில் கிடந்த சேலை மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். நிமிரவே இல்லை.

சரிவு கடைசியில் வரும் என்று நம்பியிருந்த தீத்தாரப்பன் எல்லார் முன்னாலும் கொத்தனாரைப் பிடித்துக்கொண்டார்.

“படத்துல சரிவு இருந்துச்சுல்லா வே? என் கண்ணால பாத்தேன். சோம்பேறித்தனத்துல விட்டுட்டீரு.”

“இருந்திருந்தா கட்டியிருக்க மாட்டனா அண்ணாச்சி?”

“எங்க, படத்தக் காட்டும்.”

படம் எங்கே இருக்கிறது? மழையில் ஊறி, சிமெண்டு மூட்டைக்கு அடியில் கிடந்து கூழாகிவிட்டது.

“கொத்தனாருக்குக் கண்ணு முழுக்க டீக்கடை மேலதான்” என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள்.

ஐயாத்துரை இலையில் உட்காரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தீத்தாரப்பனின் தம்பியும் அடுத்து வீடு கட்டுவதாக இருந்தார். அந்த வேலை ஐயாத்துரைக்கு என்றுதான் பேச்சு. இப்போது வேறு ஆள் பார்க்கிறார்களாம்.

“அவர் போகும்போது நீங்க எங்க நின்னீங்க?”

“அடுப்புக்கிட்ட. பால் பொங்குதான்னு பாத்துக்கிட்டு.”

“பொங்குச்சா?”

“பொங்குச்சு டீச்சர். நான் குலவை போட்டேன்.”

டீச்சர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

“இங்க வந்து படத்தத் தொறந்து பாத்தேன். சரிவக் காணல. அன்னைல இருந்து சோறு எறங்கல. ஐயாத்துரை அண்ணாச்சி எதுத்தாப்புல வந்தா வேற தெருவுல திரும்பிருதேன். அவரு நல்லாருக்கியளாம்மானு கேக்காரு.”

அழுதாள். அழுகை அடங்கியதும் மூக்கைத் துடைத்தாள். துடைத்த கையோடு பேச்சும் மாறியது.

“நான் மட்டுமா டீச்சர்? அண்ணாச்சி படிய மாத்தச் சொல்லாட்டி இது நடந்திருக்குமா? கொத்தனாரும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். வீட்டுல ஒரு பொம்பள நாக்காலியில இருக்கானு தெரியும்லா? பிரிண்ட் எடுக்கும்போது நீங்களும் பாக்க...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஆமா. பாக்கல” என்றார் டீச்சர்.

திரையைத் துடைத்து வெறுமையாக்கினார். ஒரு நீளக் கோடு போட்டார்.

“இது தீத்தாரப்பன் அண்ணாச்சி.”

இன்னொரு கோடு. “இது கொத்தனார்.”

இன்னொன்று. “இது நான்.”

மூன்றும் எங்கோ திரைக்கு வெளியிலிருந்து வந்தன. மூன்றின் நுனியும் நடுவை நோக்கி வந்து நின்றன, கொத்தனாருடையது மற்ற இரண்டையும்விடக் கிட்டத்தில். அந்த நடுவில் டீச்சர் ஒரு குட்டிக் கோடு போட்டார்.

“இது நீங்க. சரிவு போன எடம் இதுதாம். பெட்டி இழுங்க.”

முத்துப்பேச்சியின் கை வழக்கப்படி வலப்பக்கம் போனது. இழுத்தாள். பச்சைப் பெட்டி. நான்கு கோடுகளும் ஒளிர்ந்தன.

அவளுக்கு மூச்சு வந்தது.

“பாத்தீங்களா டீச்சர். எல்லாருந்தாம் வாராங்க.”

“இப்பம் அந்தப் பக்கமா இருந்து.”

கை தயங்கியது. இடது மூலைக்கு மவுஸைக் கொண்டுபோக அவளுக்கு வெகுநேரம் ஆனது. இழுத்தாள். அதே இடம், அதே அளவு. நீலப் பெட்டி.

குட்டிக் கோடு ஒன்றே ஒன்று ஒளிர்ந்தது.

மற்ற மூன்றும் தன்பாட்டுக்குக் கிடந்தன.

முத்துப்பேச்சி பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக இழுத்துப் பார்த்தாள். இன்னும் பெரிதாக இழுத்தாள். திரையின் விளிம்பு வரைக்கும் இழுத்தாள்.

குட்டிக் கோடுதான் ஒளிர்ந்தது.

“அவங்க கோடெல்லாம் எங்க போய் முடியுது டீச்சர்?”

“எனக்கென்ன தெரியும்? வெளிய.”

முத்துப்பேச்சி மவுஸை விட்டுவிட்டாள்.

“நான் நின்னுக்கிடுதேன் டீச்சர். எனக்கு இந்த வேல வேண்டாம். படிக்காதவளுக்கு எதுக்கு இதெல்லாம்? கூட்டுத வேலையே போதும்.”

டீச்சர் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார்.

“அழிங்க.”

“என்னத்த?”

“உங்களத்தாம்.”

முத்துப்பேச்சி டீச்சர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. விரலை வைத்து அழுத்தினாள்.

குட்டிக் கோடு போய்விட்டது. சுத்தமாக, இருந்த தடமே இல்லாமல்.

“சரிவு வந்துட்டா?”

முத்துப்பேச்சி இல்லையென்று தலையாட்டினாள்.

“இப்பம் அந்த எடத்துக்குக் கிட்டக்க இருக்கது யாரு?”

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். டீச்சரின் கோடு இல்லை. தீத்தாரப்பனின் கோடும் இல்லை.

“கொத்தனாரு” என்றாள். சத்தமே வரவில்லை.

டீச்சர் ஒரு விசையைத் தட்டினார். அழித்தது திரும்பி வந்தது. குட்டிக் கோடு பழையபடி நடுவில் நின்றது.

முத்துப்பேச்சி எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“தீத்தாரப்பன் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்.”

“நானும் வரட்டா அக்கா?”

“வேண்டாம் டீச்சர். நீங்க பக்கத்துல நின்னா உங்களையும் சேத்து இழுத்துருவேன்.”

டீச்சர் ஜன்னல் வைக்கத் திரும்பிவிட்டார்.

வழியெல்லாம் முத்துப்பேச்சி வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். சரிவ அழிச்சது நான்தான். சரிவ அழிச்சது நான்தான். காய்கறிக்காரி கூப்பிட்டதற்கும் அதுதான் வாயில் வந்தது.

தீத்தாரப்பன் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால், உள்ளே, நாற்காலியில் செல்லக்கனி.

“வாங்கக்கா. என்ன இந்தப் பக்கம்?”

“சரிவ அழிச்சது நான்தான் அண்ணாச்சி. கொத்தனார் கைக்குப் போன படத்துல அது இல்ல.”

தீத்தாரப்பனுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“நீங்களா? அது எப்படிக்கா? யாரு சொல்லி அழிச்சீங்க?”

சொல்வதற்கு அவள் நாக்கில் எவ்வளவோ இருந்தது. படி இருந்தது. போன் இருந்தது. பிரிண்ட் இருந்தது. கொத்தனார் கேட்காமல் போன அந்த ஒரு வார்த்தையும் இருந்தது. எல்லாம் முட்டிக்கொண்டு வந்தன.

முத்துப்பேச்சி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள்.