பலகை மாட்டிய வீடு

பக்கத்தில் 'உம்' கொட்ட ஓர் ஆளை வைத்துக்கொண்டு கேளுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான்.

திருச்சிப் பக்கம் ஒரு காலனி. வீடுவீடாக விற்க வருகிறவர்களின் தொல்லை தாங்காமல் குடியிருப்போர் சங்கம் ஒரு விதி போட்டது. 'விற்பனைக்கு வராதீர்கள்' என்று பலகை மாட்டிய வீட்டுக் கதவை எந்த வியாபாரி தட்டினாலும், காலனிக்குள் வரும் பாஸ் ஒரு வருஷத்துக்குப் பறிபோகும்.

கேஸ் அடுப்புக்கு டியூபும் பர்னரும் விற்கிற செண்பகவல்லிக்கு அந்தக் காலனிதான் பாதிப் பிழைப்பு. கெட்டிக்காரி! மூன்று வருஷத்தில் ஒரு பலகை வீட்டையும் அவள் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை பதினோரு மணி. நர்ஸ் ரெஜினாவின் வீட்டைத் தாண்டும்போது கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. இரவு டியூட்டி முடிந்து பகலில் தூங்குகிறவள் ரெஜினா. அதற்காகத்தான் பலகையே மாட்டியிருந்தாள். செண்பகவல்லி தன் சரக்குப் பையை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடினாள். அழைப்புமணியைத் தொடவில்லை, ஒரு பொறி போதுமே! கதவைக் கையால் இடித்தாள்.

"நர்ஸம்மா! லைட்டப் போடாதீங்க, வெளிய வாங்க!"

ரெஜினா தள்ளாடி வந்தாள். செண்பகவல்லி உள்ளே போய் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். அடுப்பு டியூபில் விரிசல் விட்டிருந்தது.

"உங்ககிட்டயே புதுசு ஒண்ணு குடுங்க," என்றாள் ரெஜினா.

"இந்த வாசல்ல விக்க மாட்டேம்மா. கடையில வாங்கிக்குங்க."

"அப்ப அந்தப் பலகையக் கழட்டி எறியறேன்!"

"ஐயோ, இருக்கட்டும். நீங்க தூங்க வேண்டாமா?"

இதையெல்லாம் பார்த்த காவலாளி பவுல்ராஜுக்கு அவள்மேல் பாசம் உண்டு. ஆனாலும் நோட்டில் எழுதினார்: 'செண்பகவல்லி பலகை வீட்டைத் தட்டினார். பை வெளியே இருந்தது.'

சங்கம் கூடியது. "ஆபத்துக்குப் பாவமில்லை, மன்னிச்சிடுவோம்," என்றார் ஒருவர். "நாளைக்கு எல்லாரும் கேஸ் நாத்தம்னு தட்டுவாங்க, பாஸைப் பறிக்கணும்," என்றார் இன்னொருவர். செண்பகவல்லி தீர்ப்புக்காக வெளியே காத்து நின்றாள்.

நீங்கள் சொல்லுங்கள்: பாஸைப் பறிப்பதா, அவளை மன்னிப்பதா?

விடை: இரண்டும் தப்பு. மன்னிக்க அவள் செய்த குற்றம்தான் என்ன? விதி தடுப்பது வியாபாரியை. அந்த வியாபாரியோ பையோடு வெளியிலேயே நின்றுவிட்டாள். வலியக் கேட்டும் டியூபை விற்கவில்லை. கதவைத் தட்டியது ஒரு மனுஷி. ஆள் தெரிந்தவள் என்று மறைக்காமல், பையையும் விடாமல் எழுதினாரே பவுல்ராஜ், அவருக்கும் ஒரு சபாஷ்! சங்கமும் அப்படியே முடிவு செய்ய, பாஸ் அவளிடமே இருந்தது. ரெஜினா வீட்டுப் பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது; செண்பகவல்லி இன்றும் அந்தக் கதவைத் தட்டுவதில்லை.