விரலில் சுற்றிய தூண்டில்

“புதுசா மீன் பிடிக்கப் போறவன் என்னென்னம்மா வாங்கணும்?” என்று கேட்டார் பால்துரை.

பை நிறைய வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டுதான் இதைக் கேட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற அமர யோசிக்கிற ஆள் இல்லை.

தாமிரபரணிக் கரையில் தூண்டில் போட பேச்சிக்கனியை மிஞ்ச ஆள் கிடையாது. வயதில் அவருக்கு மகள் மாதிரி. அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எதுக்கு அண்ணாச்சி, இந்த வயசுல?”

“வீட்ல இருக்க முடியலம்மா.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவரே சொன்னார்.

“எம் பொண்டாட்டிக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாசமாச்சு. பேச்சு போயிட்டு. எங்கையப் பிடிச்சு இழுப்பா. தண்ணியாம்பேன், மாத்திரையாம்பேன். எல்லாத்துக்கும் இல்லன்னு தலையாட்டுவா. எனக்குக் கோவம் வந்துரும். கத்திருவேன். அவ அழுவா.”

அவர் தோளிலிருந்து பையை இறக்கினார்.

“இப்பல்லாம் கையை நீட்டுததையே குறைச்சுட்டா.”

பேச்சிக்கனி பையை வாங்கிக் கவிழ்த்தாள்.

நீளமான கம்பை ஒதுக்கினாள். தடித்த தூண்டில் நரம்பை ஒதுக்கினாள். மீன் கடித்தால் அடிக்கிற சின்ன மணி ஒன்று இருந்தது.

“கம்பு நுனியில இதைக் கட்டிட்டா நம்ம பாட்டுக்கு இருக்கலாம்னு கடைக்காரர் சொன்னார்” என்றார் பால்துரை ஆசையாக.

“அதனாலதான் வேண்டாங்கேன்.”

மிஞ்சியது ஒரு சின்னத் தூண்டில் முள், கொஞ்சம் மெல்லிய நரம்பு. புழுவைக் கோத்துத் தண்ணீரில் விட்டு, மறுமுனையை அவருடைய ஆள்காட்டி விரலில் சுற்றினாள்.

மீன் ஒன்று தொட்டது. வெடுக்கென்று இழுத்தார். வெறும் முள்.

மறுபடியும் அதே கதை.

“பிரேக் அடிக்க மாதிரில்லா இழுக்கிய.”

“தொட்டுச்சேம்மா.”

“தொட்டுச்சு. இன்னும் சொல்லி முடிக்கலயே.”

ஒரு வாரம் அவருக்கு ஒரு குஞ்சுகூட மாட்டவில்லை. ஆனாலும் மனுஷன் தினமும் வந்து உட்கார்ந்தார்.

எட்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

“இது தண்ணி இழுப்பு.”

“ம்.”

“இது பொடிமீன். கொறிக்குது.”

“ம்.”

“இப்ப ஒண்ணு பிடிச்சு இழுக்கு. எங்க கொண்டுபோகுதுன்னு பாக்கேன்.”

பேச்சிக்கனிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.

“நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி” என்றாள்.

“மீனு?”

“அது கெடக்கட்டும்.”

வீட்டில் அவர் மனைவி தங்கபுஷ்பம் கட்டிலில் படுத்திருந்தாள். பால்துரை பக்கத்தில் நின்று, தன் கையை அவள் கைக்குள் வைத்தார்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் விரல்கள் இழுத்தன.

தண்ணியா என்ற வார்த்தை வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

மறுபடி இழுத்தாள். மெல்ல, கீழ்ப்பக்கமாக, கட்டில் ஓரத்துக்கு.

அவள் இழுத்த போக்கிலேயே அவர் போனார். கட்டிலில் உட்கார்ந்தார்.

இழுப்பு நின்றது.

“உக்காரத்தான் சொன்னியா, புஷ்பம்?”

ஆறு மாசத்தில் முதல் தடவையாக, அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.