மீசையில் மணத்த பேரிக்காய்

அநியாயம் நடந்தது வடிவுடையாளுக்கு. ராஜா செண்பகமாறன் சபையில் எட்டு வருஷமாக அவள்தான் துபாஷி. அந்நியர் பேச்சையும் கடிதத்தையும் தமிழில் சொல்வது அவள் வேலை. ஹங்கேரி தேசத்துத் தூதர் வருகிறார், அவர் ஊர்ப் பழச்சாராயமான பாலிங்காவில் நல்ல குப்பியாகப் பார்த்து அவளே எடுத்து வைக்கட்டும் என்றான் ராஜா. அதுவரை சரி. கூடவே ஒரு நிபந்தனை போட்டானே, அதைச் சொல்லுங்கள்!

எல்லாம் பண்டகசாலை அதிகாரி வேழமுத்துவின் கைங்கரியம். "பெண்பிள்ளை சாராயத்தை வாயில் வைப்பதா? முகர்வதே அபசாரம், மன்னா!" என்று ஓதிவிட்டார்.

"சரி, வடிவுடையாள். குடிக்காதே, முகராதே. ஆனால் நல்லதை எடு. தப்பினால் உன் பதவி வேழமுத்துவின் மருமகனுக்கு."

"மருமகனுக்கு எத்தனை பாஷை தெரியுமாம்?"

"தமிழே சுமார்தான்," என்றார் வேழமுத்து பெருமையாக. "ஆனாலும் ஆண்பிள்ளை!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை சபை நடுவில் மூன்று குப்பிகள் நின்றன. பிளம்ஸ், செர்ரி, பேரிக்காய். செர்ரிக்கு மட்டும் தங்கக் காகிதச் சட்டை.

"அதை எடு அம்மணி, என்ன ஜொலிப்பு பார்!" என்று அக்கறையாகச் சொன்னார் வேழமுத்து.

அவள் குப்பிகள் பக்கம் திரும்பவே இல்லை. தூதர் முன்னதாக அனுப்பியிருந்த கடிதத்தைப் பிரித்தாள்.

"மன்னா, தூதர் எழுதியிருக்கிறார். நல்ல பாலிங்காவில் பழத்தைத் தவிர வேறெதுவும் சேராதாம். அதனால் காய்ந்த பிறகும் பழமாகவே மணக்குமாம். சர்க்கரை கலந்த போலி காய்ந்தால் வெறும் நெடிதானாம்."

"அதற்கு?"

"இந்தக் குப்பிகள் வந்த பெட்டிகள் மூன்று நாளாக வேழமுத்து ஐயாவின் பூட்டில் இருக்கின்றன. தாங்கள் அவர் மீசையை முகர வேண்டும்."

சபை கொல்லென்றது. வேழமுத்து இரண்டு கையாலும் மீசையைப் பொத்தினார். "இது பரம்பரை மீசை!"

"கையை எடும்," என்றான் ராஜா.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து குனிந்தான். முகர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தான்.

"பேரிக்காய்! கொப்பிலே பழுத்த பேரிக்காய்!"

மூன்றாம் தரமும் மூக்கை நீட்டினான்.

"போதும் மன்னா, கூசுகிறது!" என்று அலறினார் வேழமுத்து.

காவலர்கள் ஓடிப்போய்ப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். பிளம்ஸில் ஒரு வாய் குறைந்திருந்தது, செர்ரியில் ஒரு வாய். பேரிக்காயிலோ நாலு குப்பி காலி!

வேழமுத்து அப்போதும் விடவில்லை. "இது மோசடி, மன்னா! இவள் எங்கே தேர்ந்தெடுத்தாள்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "பதில் சொல், வடிவுடையாள். நீ தேர்ந்தெடுத்தாயா, இல்லையா?"

"இல்லவே இல்லை, மன்னா. மூன்றையும் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொன்னது ஆண்பிள்ளை மீசைதான். அதற்குப் பேச வரவில்லையே என்று நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்."