குற்றாலிங்கம் கட்டளை

கட்டளை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு இடுவது ஒன்று. ஒருவர் பெயரால் கோயிலுக்கோ பாடசாலைக்கோ எழுதி வைப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்ட ஒரு சீடனின் கதை இது. அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஒரு பாடசாலையே கூடிக் குழப்பியிருந்தது.

தாமிரபரணிக் கரையில் அம்பலவாணர் என்று ஒரு குரு இருந்தார். மாணவர்களைக் கூடவே தங்கவைத்து இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் கெட்டிக்காரன் குற்றாலிங்கம். பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. அவனுடைய தாய் உலகம்மாள், கணவரையும் முன்பே இழந்தவள், தன் வயல் ஒன்றின் விளைச்சலைப் பாடசாலைக்கு எழுதி வைத்தாள். இல்லாத வீட்டுப் பிள்ளை ஒருவன் மகன் பெயரால் அங்கே சாப்பிட்டுப் படிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அப்படி வந்து சேர்ந்தவன் பேச்சிமுத்து. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன்.

வந்த அன்றே பந்தியில் ஜன்னலோர மூலையைக் காட்டினார்கள்.

"அது குற்றாலிங்கம் இலை. அங்க உக்காரு."

உட்கார்ந்தான். சமையல் செய்யும் தவசுப்பிள்ளை எல்லா இலைக்கும் பாகற்காய் வைத்துக்கொண்டே வந்தவர், அவனை மட்டும் தாண்டிப் போனார்.

"குற்றாலிங்கத்துக்குப் பாவக்காய் ஆகாது" என்றார். பிரியமாகத்தான் சொன்னார்.

பேச்சிமுத்துவுக்குப் பாகற்காய் என்றால் உயிர். வந்த முதல் நாளே வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று பேசாமல் இருந்துவிட்டான்.

அன்றைக்குத் திறக்காத வாய் பிறகு திறக்கவே இல்லை. குற்றாலிங்கம் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் படிப்பானாம். இவனும் சாய்த்தான், கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். குற்றாலிங்கம் ஆற்றில் குளிக்கும்போது பாடுவானாம். இவனும் பாடிப் பார்த்தான். பக்கத்தில் துணி துவைத்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். இப்படி இருந்தால்தான் கட்டளை நிலைக்கும் என்று அவன் நம்பினான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். அன்று உலகம்மாள் தூக்குவாளியில் உளுந்தங்களி கொண்டுவருவாள். கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கிண்டிய களி, மகன் விரும்பித் தின்ற பண்டம். பேச்சிமுத்துவுக்கு அந்த எண்ணெய் வாடையே குமட்டும்.

"சாப்பிடு ராசா" என்று அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவான்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கவா?"

"வையுங்கம்மா."

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. குருவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று கேட்பீர்கள். தெரிந்திருக்கும். யாரும் கேட்காமல் எதையும் சொல்லாத மனிதர் அவர்.

ஒரு சனிக்கிழமை பேச்சிமுத்து துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, ஊருக்குக் கிளம்புதேன்."

"பரீட்சைக்கு ஒரு மாசம்தான இருக்கு?"

"இருக்குய்யா."

"இப்ப போனா படிப்பு போச்சே."

"தெரியும். என்னால முடியலை. மகன் மாதிரியே இருக்கேன்னு அந்த அம்மா சந்தோஷப்படுதாக. நான் அவுகளை ஏமாத்திக்கிட்டு இருக்கேன்." மூட்டையைக் கை மாற்றிப் பிடித்தான். "செத்துப்போனவரு இடத்தை இன்னொருத்தன் எப்படிய்யா நிரப்புதது?"

குரு வேறொன்று கேட்டார்.

"உனக்கு என்ன கறி பிடிக்கும்?"

பேச்சிமுத்து விழித்தான். இந்த வீட்டில் அவனிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பாவக்காய்."

"எப்படி வைக்கணும்?"

"எங்க அம்மா புளி ஊத்திச் சுண்ட வைப்பாக."

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்றார் குரு.

மறுநாள் காலையில் அவரே அடுக்களையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாகற்காய் நறுக்கினார். தவசுப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஐயா, இன்னைக்கு அந்த அம்மா வார நாளு."

"தெரியும்."

"பெத்தவ கண்ணு முன்னால மகன் இலையில பாவக்காயை வைக்கதா?"

"புளி எங்க இருக்கு?" என்றார் குரு.

மத்தியானம் உலகம்மாள் வழக்கம்போல் வாளியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். குருவே பரிமாறினார். ஜன்னலோர இலைக்கு வந்ததும் பாகற்காயை அள்ளிக் குவித்தார். பந்தியில் ஒருவர் கையும் அசையவில்லை.

உலகம்மாள் இலையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்குப் பாவக்காய் பிடிக்குமா?"

பேச்சிமுத்து குருவைத் தேடினான். அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டிருந்தார். இனி எதுவானாலும் ஆகட்டும் என்று நினைத்தான்.

"பிடிக்கும்மா. ரொம்பப் பிடிக்கும்."

"களி?"

"மன்னிச்சுக்கிடுங்கம்மா. களி எனக்குத் தொண்டையில இறங்காது. நீங்க சங்கடப்படக் கூடாதேன்னுதான் இத்தனை நாளும் தின்னேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டோமே என்று அவன் இலையை விட்டு எழப்போனான். முந்தானையை எடுத்தபோதுதான் தெரிந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"அட பாவிப் பயலே. அவன் போன பொறவு களி கிண்டுத சட்டியைப் பாத்தாலே எனக்கு நெஞ்சை அடைக்கும். மாசாமாசம் அழுதுக்கிட்டேதான் கிண்டுதேன். நீ ஆசையாச் சாப்பிடுதியேன்னுதான் நிறுத்தாம இருந்தேன்."

"எனக்காகவா?"

"பின்ன யாருக்காக?"

பேச்சிமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எது வந்தாலும் வரட்டும் என்று விட்டுவிட்டான். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக வயிறு காய்ந்தவன் மாதிரி அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். தவசுப்பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து இரண்டாம் முறை வைத்தார்.

உலகம்மாள் எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே சாப்பிட மாட்டேன் என்று இதுவரை பிடிவாதமாக இருந்தவள், தனக்கும் ஓர் இலை போடச் சொன்னாள்.

"இதை உங்க அம்மா எப்படி வைப்பா, பேச்சிமுத்து?"

அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல்முறை. அவன் புளிக்கரைசலில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னான். அவள் நடுநடுவே கேள்வி கேட்டாள். அடுத்த மாதம் தானே வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பந்தி கலைந்தது. எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். மூட்டை இன்னும் வாசலில்தான் கிடந்தது. பேச்சிமுத்து அதை எடுக்கவில்லை. கடைசியாகச் சாப்பிட்டு முடித்த குருவின் பக்கத்தில் போய் நின்றான்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இனிமேயும் நான் குற்றாலிங்கம் இலையில உக்காரலாமா?"

குரு தன் இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அவன் சாப்பிட்ட இலையை அன்னைக்கே எடுத்தாச்சு. தினம் புது இலைதானய்யா போடுதோம்."