முதல் மழையில் தவளை கேட்கும் கேள்வி

அந்தக் காலத்தில் தவளைகளுக்கு வாய் ஓயாது. மழைக்காலம் கோடைக்காலம் என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. கண்மாயில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, பேச்சு இருக்கும். மீனும் ஆமையும் காது புளித்துப்போய் அக்கரைப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கண்மாயில் உடையாள் என்று ஒரு தவளை இருந்தாள். போன தையில் அவள் புருசனைக் கொக்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகளும் தலைப்பிரட்டையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்தவை. அதற்குப் பிறகு பேச்சுத் துணைக்கு என்று அவளுக்கு மிஞ்சியது கொழுந்தன் சாத்தையா ஒருவன்தான். சாத்தையா கோணல் பேர்வழி. சும்மா போகிறவனை வம்புக்கு இழுப்பான், மதினியைக் கேலி பண்ணாமல் அவனுக்குப் பொழுது விடியாது. ஆனால் அவனிடம் ஒரு குணம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் விடமாட்டான். ஏனென்று கேட்டால், "கேட்ட வாய் காத்துக்கிட்டு கெடக்குமுல்ல" என்பான்.

அந்த வருசம் ஐப்பசியும் ஏமாற்றியது, கார்த்திகையும் ஏமாற்றியது. சித்திரை பிறந்தபோது கண்மாய் நடுவில் ஒரு குட்டைதான் மிச்சம். மதியத்துக்கு மேல் வானம் கறுத்துத் திரண்டு வரும். காற்று நின்றுபோகும். புழுக்கம் ஆளை அவித்து எடுக்கும். இதோ கொட்டப்போகிறது என்று எல்லாரும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் மேகம் ஒன்றும் தெரியாததுபோலக் கலைந்து போய்விடும். மற்ற வருசங்களில் அடுத்த கண்மாய்க்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள். அந்த வருசம் அடுத்த கண்மாயிலும் ஆடு மேய்ந்தது.

மண்ணுக்குள் இறங்கிக் கோடையைக் கழிக்கிற வித்தை அப்போது விரால் மீனுக்கு மட்டும்தான் தெரியும். குட்டை சேறாகிற அன்றைக்கு அது தவளைகளைக் கூப்பிட்டு வழி சொல்லிக்கொடுத்தது. ஈரம் இருக்கிற இடமாகப் பார்த்து ஆழமாய்த் தோண்டி இறங்க வேண்டும். ஒரு குழிக்கு ஒரு உயிர்தான். இரண்டு இறங்கினால் இரண்டும் காய்ந்து சாகும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போகிறபோக்கில் திரும்பிப் பார்த்து இன்னொன்றும் சொன்னது.

"உள்ள போனா வாயத் தெறக்காதீக. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு சொட்டு ஈரம் போகும். அத மழைதான் திருப்பித் தரணும்."

கண்மாயிலேயே நல்ல களிமண் மடைப்பள்ளத்தில்தான் இருந்தது. எத்தனை வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்ச்சி விடாத மண். சாத்தையா ஓடிப்போய் அங்கே இடம் பிடித்துப் பாதிக் குழியும் தோண்டிவிட்டான். உடையாளோ இன்றைக்கு மழை வரும், நாளைக்கு மழை வரும் என்று வானத்தைப் பார்த்தே நாளைக் கடத்தியவள். கடைசியாக அவள் வந்து நின்றபோது, பள்ளத்துக்கு மேலே மணல்மேடு மட்டுந்தான் காலியாக இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாத்தையாதான் குழியைவிட்டு ஏறி வந்தான்.

"நீங்க இதுல எறங்குங்க மதினி. எனக்குக் களிமண் ஒத்துக்கிறாது. மேலெல்லாம் அரிக்குது."

தவளைக்குக் களிமண் அரிக்குமா? உடையாளுக்கும் அது தெரியும். ஆனாலும் நம்பிக்கொண்டாள். நம்புவது வசதியாக இருந்தது. அவன் பக்கத்திலேயே மேட்டில் மணலைத் தோண்டி இறங்கினான். மேலே சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது.

உள்ளே இருட்டு. வெக்கை மேலே எங்கேயோ இருந்தது; அவள் உடம்பைச் சுற்றி ஈரம் இருந்தது. உயிருக்குக் குறையில்லை. ஆனால் தனிமை அவளைத் தின்றது. பகலா இரவா தெரியவில்லை. கண்ணை மூடினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான். கண்மாய் முழுக்க உறவும் சனமும் புதைந்து கிடக்க, உலகத்தில் தான் ஒருத்திதான் மிச்சமோ என்ற பயம் வந்துவிட்டது அவளுக்கு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் முடியவில்லை.

"சாத்தையா, இருக்கியா?"

மண்ணுக்கு அந்தப் பக்கமிருந்து "இருக்கேன் மதினி" என்று கேட்டது.

அந்த ஒரு சொல் போதும்போல இருந்தது. ஆனால் போதவில்லை. மறுபடி கேட்டாள். மறுபடியும் பதில் வந்தது. ஒரு தடவை அவன், விரால் சொன்னது மறந்துபோச்சா என்று கேலியாகக் கேட்டான். இதுதான் கடைசி என்று அவளும் ஒத்துக்கொண்டாள். கடைசி என்பது மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. பயம் வந்தால் கேட்டாள், கனவு கண்டால் கேட்டாள், பிறகு ஒன்றுமில்லாமலும் கேட்டாள். அவள் இருந்தது களிமண், பேசினாலும் ஈரம் ஊறிக்கொண்டது. அவன் இருந்தது மணல் என்பது அவள் நினைப்பிலேயே இல்லை.

போகப்போக "இருக்கேன் மதினி" என்பது வெறும் "இருக்கேன்" ஆனது. பிறகு "ம்" என்று மட்டும் வந்தது. உடையாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினால் முத்தா உதிர்ந்துவிடும்? பிறகு ஒரு நாள் அந்த "ம்"மும் வரவில்லை. இவ்வளவு இளக்காரமா என்று நினைத்தவள், மழை வந்து மேலே ஏறட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று வீம்பாக வாயை மூடிக்கொண்டாள். பிற்பாடு களிமண்ணும் காயத் தொடங்கியது. அந்த வீம்புதான் அவளைக் காப்பாற்றியது.

ஆவணி கழிந்து ஒரு சாயங்காலம் மண் அதிர்ந்தது. சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, பிறகு பிடித்துக்கொண்டது மழை. வெடிப்பெல்லாம் நிறைந்து மண் இளகி, தவளைகள் ஒவ்வொன்றாக மூஞ்சியை நீட்டின. உடையாளும் ஏறி வந்தாள். நேரே மேட்டுக்குப் போய், கோபத்தை ஒருதரம் சரிபார்த்துக்கொண்டு, சாத்தையா ஏறி வருவதற்காகக் காத்திருந்தாள். அவன் வரவில்லை. பிறகு அவளே தோண்டினாள்.

காய்ந்த புளியங்கோதுபோலக் கிடந்தான். வாய் மட்டும் திறந்திருந்தது.

ஏறி வந்த தண்ணீரில் மேட்டோரம்வரை நீந்தி வந்த விரால் எட்டிப் பார்த்தது. "மணல்ல எதுக்கு எறங்குனான்? களிமண்ணுக்கு மொத ஆளா ஓடுனவனாச்சே" என்றது. உடையாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவன் கடைசியாக வாயைத் திறந்தது எதற்கு என்பதும் புரிந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

"இருக்கியா?" என்று கத்தினாள். "சாத்தையா, இருக்கியா?"

அந்தக் குரலைக் கேட்டதும் மற்றவர்களும் அவரவர் புருசனை, பிள்ளையை, அண்ணன் தம்பியைத் தேடி ஆளுக்கொரு மூலையில் கத்தத் தொடங்கினார்கள். இருக்கியா, இருக்கேன், இருக்கியா, இருக்கேன் என்று கண்மாயே அதிர்ந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பழமொழி சொல்லிவைத்திருக்கிறோம். பதில் சொன்ன வாயை மட்டும் பார்த்தோம், கேட்ட வாயை யார் பார்த்தார்கள்? தவளை கத்தி மழையைக் கூப்பிடுகிறது என்பதும் நாம் சொல்லிக்கொள்வதுதான். மழை வந்த பிறகு எதற்குக் கூப்பிட வேண்டும்?

அந்தக் கோடைக்குப் பிறகுதான் தவளைகள் மண்ணுக்குள் எத்தனை தனிமையானாலும் வாயைத் திறப்பதில்லை. கோடை முழுக்க அடக்கிவைத்த கேள்வியை முதல் மழையில் எல்லாமாகச் சேர்ந்து கேட்கின்றன. கேட்டுக்கொண்டே இருப்பவை, நடுவில் திடீரென்று ஒருசேர நிறுத்திவிடும், கவனித்திருப்பீர்கள். அது மணல்மேட்டிலிருந்து ஒரு பதில் வருகிறதா என்று பார்ப்பதற்கு.