எல்லைக் கல்லருகே ஏழு வளைவு

அந்தக் காலத்தில், ஆறுகளும் பறவைகளும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, பூளையாறு என்றொரு சின்ன ஆறு இருந்தது. மலையில் பிறந்து, விட்ட அம்பு மாதிரி நேரே ஓடிச் சமவெளியில் இறங்கும். வளைவு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. போகிற வழியெல்லாம் எதிர்ப்பட்டவர்களோடு ஓயாமல் பேச்சுத்தான்.

மலைக்கு ஒரு ராஜா, சமவெளிக்கு ஒரு ராஜா. இருவருக்கும் என்ன மனஸ்தாபமோ, ஒருநாள் ஆற்றங்கரையில் கல் நட்டு, இந்தப் பக்கத்து மனிதர் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கல்லுக்கு மேலே மலைப் பக்கம் ஒரு காவல்காரன், கீழே சமவெளிப் பக்கம் ஒரு காவல்காரன். ராஜாக்களுக்கு என்ன, கல்லை நட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். வயிறெரிந்தது மாராயிக்குத்தான்.

மாராயி மலையூர்க்காரி. ஒரே மகள் அங்கம்மாளைச் சமவெளியில் கட்டிக்கொடுத்திருந்தாள். அவளுக்கு இப்போது நிறைமாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே நடக்க வேண்டும்? மகளை அழைத்துவரப் போனவளை, ஈட்டியைக் குறுக்கே நீட்டித் திருப்பி அனுப்பிவிட்டான் காவல்காரன்.

ஒருநாள் காலையில் மீன்கொத்தி மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"அக்கா, உன் மகளுக்கு நேற்றிலிருந்து வலி. இப்போது வலியும் நின்றுபோச்சு, பிள்ளையும் இறங்கவில்லை. உங்கள் மலை வேரைக் காய்ச்சிக் கொடுத்தால் பிழைப்பாள் என்கிறாள் மருத்துவச்சி. பொழுது சாய்வதற்குள் வேண்டுமாம்."

மாராயி அடித்துப் பிடித்து வேரைக் காய்ச்சி ஒரு சுரைக்குடுக்கையில் ஊற்றி அடைத்தாள். கைப்பிடியளவு மீன்கொத்தியால் அதைத் தூக்க முடியுமா? ஆற்றுக்கு ஓடினாள்.

"ஆத்தா, என் பிள்ளை உயிர் உன் கையில்."

"கொடு இப்படி. உச்சிப்பொழுதுக்குள் சேர்த்துவிடுகிறேன்" என்றது ஆறு.

குடுக்கையை மிதக்கவிட்டவளுக்கு அந்த ஈட்டி நினைவுக்கு வந்துவிட்டது. "காவல்காரர்கள் ஏதாவது கேட்டால் மரியாதையாக நின்று பதில் சொல்லிவிட்டுப் போ, ஆத்தா. வம்பு வேண்டாம்" என்றாள். ஐயோ, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா! ஓடுகிற தண்ணீரை எந்த ஈட்டி நிறுத்தும்?

கல்லருகே வந்ததும் மேலே நின்றவன், "நில்! நீ எந்த நாட்டு ஆறு?" என்றான்.

ஆறு நின்றது. "பிறந்தது மலையில், ஐயா."

"அப்படியானால் எங்கள் ஆறு. எல்லை தாண்டாதே, திரும்பு."

திரும்பியது. "போய்ச் சேருவது எங்கே?" என்று கீழே நின்றவன் கேட்டான்.

"சமவெளியில்."

"அப்படியானால் எங்கள் ஆறு. வா இங்கே."

வந்தது. மேலே நின்றவன் விடுவானா? மறுபடி அதட்டினான். இப்படி ஏழு முறை போவதும் வருவதுமாக அலைந்தது ஆறு. "ஐயா, அங்கே ஒரு பெண் உயிருக்குப் போராடுகிறாள்" என்று கெஞ்சியும் பார்த்தது.

"அவள் எந்த நாட்டுக்காரி?" என்று கேட்டான் மேலே நின்றவன்.

அதற்குமேல் ஆறு நிற்கவில்லை. மரியாதையாவது மண்ணாவது என்று பாய்ந்து ஓடியது. ஆனால் வெயில் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. அங்கம்மாளின் ஊர்த் துறையில் மருத்துவச்சி கை கழுவிக்கொண்டிருந்தாள். மிதந்து வந்த குடுக்கையைப் பார்த்து, "இனி வந்து என்ன பிரயோசனம்? தாயும் போயிட்டா, பிள்ளையும் போயிடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மீன்கொத்தி வந்து சொன்னபோது மாராயி கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ராஜாக்களைத் திட்டவில்லை, காவல்காரர்களைச் சபிக்கவில்லை. "நான்தானே நிற்கச் சொன்னேன், நான்தானே நிற்கச் சொன்னேன்" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதாள். ஆற்றால் அவளுக்கு ஒரு சமாதானமும் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு அது யாரிடமும் பேசவே இல்லை.

அன்று முதல்தான் பூளையாறு எல்லைக் கல்லருகே ஏழு முறை வளைந்து வளைந்து போகிறது. மலையூர்ப் பெண்களும் தண்ணீர் மொள்ளும் முன், "யார் கேட்டாலும் நிற்காதே ஆத்தா, போ" என்று சொல்லிவிட்டுத்தான் குடத்தை இறக்குகிறார்கள்.