புலவர் காதில் செண்பகம்

முன்னொரு காலத்தில் செங்கானூர்ச் சீமையைக் கண்டராயன் என்றொரு ராஜா ஆண்டான். மாசத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும் அவனுக்கு. மார்கழியில், அரசவையில் எல்லோரும் சீட்டியடித்துத்தான் பேச வேண்டும் என்றான். பல் விழுந்த தளபதி பாவம், மாசம் முழுக்க ஊமையாக உட்கார்ந்திருந்தார். தை பிறந்ததும் பூக்கிறுக்கு. "ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குணம் உண்டாமே! எதற்கு எது என்று எழுதிக்கொண்டு வாரும்" என்று அம்பலவாணப் புலவரிடம் சொல்லிவிட்டான்.

புலவரைக் கேட்க வேண்டுமா? ஓலை ஓலையாக எழுதித் தள்ளினார். தாமரை செல்வம், அல்லி பொறுமை, செண்பகம் கருணை. செண்பகத்துக்கு மட்டும் கருணை எங்கிருந்து வந்தது? அவர் வீட்டு முற்றத்தில் நின்றது அந்த மரம்தான். மறுநாள் முதல் காதில் ஒரு செண்பகத்தைச் செருகிக்கொண்டு கருணையே உருவாக நடமாடினார். அந்தக் கருணை வாசலில் ஒரு பிச்சைக்காரன் ஒரு கவளம் சோறு வாங்கி ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தவள் சடைச்சி, அரண்மனை நந்தவனத்துத் தோட்டக்காரி. தென்னையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த புருஷன் பேச்சிமுத்துவோடு நந்தவனத்து மூலைக் குடிசையில் இருந்தாள். ஒருநாள் ராஜா, "புலவரே, உம்முடைய பாட்டைவிட இவள் கட்டுகிற மாலை நன்றாகப் பேசுகிறது" என்று சபையிலேயே சொல்லிவிட்டான். அன்றைக்கு எரிய ஆரம்பித்தது புலவர் வயிறு.

சமயம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வேலியோரத்துப் பாத்தி கண்ணில் பட்டது. பாத்தி முழுக்கத் தும்பை, வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. மறுநாள் சடைச்சி மாலையோடு சபைக்கு வந்த நேரம் பார்த்து ஆரம்பித்தார்.

"மன்னர் மன்னா! தும்பை போர்ப்பூ. பகைவர் சூடிக்கொண்டு போருக்கு நிற்கும் பூ. அதைத் தங்கள் பள்ளியறைச் சாளரத்துக்கு நேராக வளர்க்கிறாள் இவள். எதிரிக்கு அடையாளம் காட்டுகிறாள்!"

ராஜாவுக்கு முகம் வெளுத்தது. என்ன ஏது என்று விசாரித்தானா? அதெல்லாம் புத்தியுள்ள ராஜா செய்கிற வேலை. "சடைச்சி! பொழுது சாய்வதற்குள் புருஷனைத் தூக்கிக்கொண்டு என் சீமையை விட்டுப் போய்விடு."

சடைச்சி புருஷனை நினைத்தாள். புரட்டிப் படுக்கவைக்கவே இரண்டு ஆள் வேண்டிய மனுஷன். எல்லை தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். கலங்கிய கண்ணோடு நிமிர்ந்தவள், புலவர் காதிலிருந்த செண்பகத்தைப் பார்த்தாள். பயம் போய் ஆத்திரம் வந்தது, ஆத்திரத்தோடு ஒரு யோசனையும் வந்தது. நாற்பது வருஷம் அவர் ஓலையோடு புழங்கியவர். அவளோ பூவோடு புழங்கியவள்.

"போறேன் மகாராசா. ஆனா ஒண்ணு. தும்பைதான் கருணைப் பூ. ஐயா காதுல இருக்கறது வெறும் வாசனை."

சபை கொல்லென்று சிரித்தது. புலவருக்கு மூக்கு விடைத்தது. "களைச் செடிக்குக் கருணையா? எங்கே, மெய்ப்பித்துக் காட்டு!"

"காட்டறேன் சாமி. நீங்க தோத்தா?"

"நான் தோற்பதா? அப்படித் தோற்றால் உன் பாத்திக்கு நானே குடம் சுமக்கிறேன்."

"மகாராசா கேட்டுக்கிட்டாக" என்றாள் சடைச்சி.

நந்தவனத்து நடுவில் இரண்டு தாம்பாளம் வைக்கச் சொன்னாள். ஒன்றில் புலவர் தம் வீட்டு மரத்தையே மொட்டையடித்துச் செண்பகத்தைக் குவித்தார். மற்றொன்றில் அவள் நாலு கொத்துத் தும்பையைப் போட்டாள்.

"பசிச்சு வர்ற விருந்தாளி எந்தத் தட்டுக்குப் போகுதுன்னு பாருங்க மகாராசா."

"யார் விருந்தாளி?"

"அரமணை மாலைக்கு மல்லி முல்லையெல்லாம் அரும்பாவே பறிச்சிடறோம். விரிஞ்சு நிக்க ஒண்ணையும் விடறதில்ல. தேனீயும் வண்டும் வந்து வந்து வெறும் வயித்தோட திரும்புதுக. யாரும் பறிக்காத பூ ஒரு பாத்தி இருக்கட்டும்னுதான் தும்பையை விட்டுவச்சேன்."

ராஜா தன் மார்பில் கிடந்த அரும்பு மாலையைக் குனிந்து பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் ரீங்காரம் கேட்டது. செண்பகத் தாம்பாளத்தை வண்டுகள் ஒரு சுற்றுச் சுற்றின, உட்காரக்கூட இல்லை. நேரே தும்பைக்குப் போயின. தட்டு கறுத்துப்போகும்படி மொய்த்தன.

புலவர் குதித்தார். "மன்னா! வண்டுக்கு என்ன தெரியும்? பிச்சைக்காரப் பிராணிகள்! எங்கே வயிறு நிறையுமோ அங்கே போய் மொய்க்கும்!"

"அதைத்தான் சாமி நாங்க கருணைங்கறோம்" என்றாள் சடைச்சி.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும், "என் காதிலேயே பூச்சுற்றியிருக்கிறீரே! எடும் குடத்தை. அந்தச் செண்பகம் காதிலேயே இருக்கட்டும்" என்றான். பேச்சிமுத்துவுக்கு அரண்மனை வைத்தியரை அனுப்பினான். நந்தவனத்தில் பாத்திக்கு ஒரு வரிசை பறிக்காமல் விட வேண்டும் என்று உத்தரவும் போட்டான்.

மாசி பிறந்ததும் ராஜா பூவை மறந்து புறாவைப் பிடித்துக்கொண்டான். உத்தரவை மட்டும் சடைச்சி மறக்கவில்லை. காலை மாலை இரண்டு வேளையும் புலவர் குடம் சுமந்தார், ராஜ கட்டளைப்படி காதில் செண்பகத்தோடு. போகிற வழியில் வண்டு ஒன்று வரும். அந்தக் காதை ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு தும்பைப் பக்கம் போய்விடும்.